மோனோகுரோட்டோபாஸ்: பயனும் கேடும்

மோனோகுரோட்டோபாஸ் ஆர்கனோபாஸ்பேட் வகையைச் சேர்ந்த பூச்சிக்கொல்லி. பயிரின் சாற்றோடு கலந்து பரவுவதால் தண்டைத் துளைக்கும் புழுவையும் சாறு உறிஞ்சும் பூச்சியையும் ஒரே மருந்தாக அழிக்கும், விலையும் குறைவாக இருந்தது. திருவாமாத்தூர் போன்ற நெல் விளையும் ஊர்களின் சிறு விவசாயிக்கு இந்த இரண்டும் பெரிய அனுகூலங்களாக இருந்தன.

ஆனால் பூச்சியைக் கொல்லும் அதே வழியில்தான் இது மனிதரையும் தாக்குகிறது. நரம்பின் கட்டளையைத் தசைக்குக் கடத்தும் அசிட்டைல்கோலினை, வேலை முடிந்ததும் ஒரு நொதி சிதைக்க வேண்டும். மருந்து அந்த நொதியை முடக்கிவிடுவதால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. கண்மணி சுருங்கும், எச்சிலும் வியர்வையும் பெருகும், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும், மூச்சுக்குழலில் சளி நிறையும். தசைகள் துடித்துப் பின் தளரும். மூச்சுத் தசைகள் ஓய்ந்தால் மரணம். முதல் அறிகுறிகள் தணிந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் மூச்சுத் தளர்ச்சி புதிதாகத் தலைகாட்டுவதும் உண்டு.

குடித்தால்தான் ஆபத்து என்பதில்லை. ஒழுகும் தெளிப்பானால் நனைந்த சட்டை வழியே தோலிலும் இறங்கும். அட்ரோபின் ஊசி சளியையும் இதயத் துடிப்பின் மந்தத்தையும் சீராக்கும். தசைத் தளர்ச்சியை மாற்றாது. அதற்குச் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும். எனவே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற வசதியுள்ள இடத்துக்கு விரைவாகச் சேர்ப்பதே உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டும்.

வயலிலும் பயன் முழுமையானதல்ல. இத்தகைய மருந்துகள் சிலந்தி முதலான நன்மை செய்யும் உயிர்களையும் கொல்வதால் புகையான் பூச்சி மீண்டும் பெருக இடமுண்டு.

கையுறை, முகக்கவசம் அணிந்து பாதுகாப்பாக அடிக்கலாம் என்பது ஆதரவாளர் வாதம். சித்திரை வெயிலில் கூலிக்கு மருந்து அடிப்பவரிடம் அதை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. காய்கறிகளில் பயன்படுத்த 2005இல் விதித்த தடையும் மருந்தை வீடுகளிலிருந்து அகற்றவில்லை. 2013இல் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளியொன்றில் இந்த மருந்து கலந்த மதிய உணவை உண்ட 23 குழந்தைகள் இறந்தனர்.

பூச்சிக்கொல்லி குடித்து நேரும் தற்கொலைகளைக் குறைக்க, தமிழக அரசு 2023இல் மோனோகுரோட்டோபாஸ் உட்பட ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாட்களுக்குத் தடை செய்தது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குத் தரும் அதிகாரம் அவ்வளவே. மிஞ்சினால் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம். நிலையான தடை மத்திய அரசின் கையில். அது 2023 செப்டம்பரில் 36 சதவீதக் கரைசலைத் தடை செய்து, கையிருப்பு தீர ஓராண்டு அவகாசம் தந்தது.

இலங்கை 1995லேயே மோனோகுரோட்டோபாஸைத் தடை செய்தது. அதன் இடத்தை எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லி பிடித்து உயிர்களைக் குடித்ததால், 1998இல் அதையும் தடை செய்தது. 2005க்குள் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது, விளைச்சல் குறையவில்லை. ஆகவே தடை சரியான முடிவே. ஆனால் கடையில் அந்த இடத்துக்கு வரும் மருந்தையும் அதே கண்டிப்போடு சோதிக்காவிட்டால் தடையின் பலன் பாதிதான்.