ஆசிரியரே திருத்திய பிரெஞ்சு ‘மூலதனம்’

மார்க்ஸின் ‘மூலதனம்’ முதல் பாகம் 1867இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. அதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுசென்றவர் ஜோசப் ருவா. ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாக்கை ஏற்கெனவே மொழிபெயர்த்தவர். மூலத்துக்கு அப்படியொரு விசுவாசம். அந்த விசுவாசமே மார்க்ஸை உறுத்தியது. வாசகருக்கு எட்ட வேண்டுமே என்று ருவாவின் பிரதியை எடுத்துவைத்துக்கொண்டு திருத்தினார். திருத்தம் என்பது சின்னச் சொல். பத்தி பத்தியாகப் புதிதாகவே எழுதினார்; மூலதனத் திரட்டல் பகுதியில் வாதத்தையே விரித்தார். உடல் நலிந்திருந்த ஆண்டுகள் அவை.

பதிப்பாளர் லஷாத்ர் நூலைச் சிறு சிறு பகுதிகளாக, 1872 முதல் 1875 வரை வெளியிட்டார். தொழிலாளிக்கும் எளிதில் கிடைக்கும் என்பதால் மார்க்ஸுக்கு இதில் மகிழ்ச்சி. பிரெஞ்சில் நடையின் வலு குன்றிவிட்டதாக மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் வருந்தினார். எனக்கோ பிரெஞ்சில் கூடிய தெளிவே பெரிய பேறு. ஜெர்மன் அறிந்தவர்களும் இந்தப் பதிப்பைப் பார்க்க வேண்டும் என்று மார்க்ஸே பின்னுரையில் சொல்லியிருக்கிறார். ருவாவின் பொறுமையான அடித்தளம் இல்லாமல் மார்க்ஸின் அந்தத் திருத்த உழைப்பு நடந்திருக்காது. அவரையும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 1887இல் வந்த ஆங்கிலப் பதிப்பின் 33 அத்தியாயப் பகுப்பு, இந்தப் பிரெஞ்சுப் பதிப்பிலிருந்து எடுத்ததுதான்.