கோப்பு முறைமை: கர்னலுக்கு உள்ளேயா, வெளியேயா?

மதுரையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்களில் 64 ஜிபி மெமரி கார்டு சர்வசாதாரணம். 32 ஜிபியைத் தாண்டிய எஸ்டி கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவில் வருபவை. பத்தாண்டுக்கு முன் அதை உபுண்டு கணினியில் செருகினால் லேசில் திறக்காது. எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். கோப்பு முறைமையை, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாக ஓட்டும் வசதிதான் ஃபியூஸ். 2005-இல் லினக்ஸில் சேர்ந்தது. எக்ஸ்ஃபேட் வெளியே நின்றதற்கு முக்கியக் காரணம் காப்புரிமைச் சிக்கல். 2019-இல் மைக்ரோசாஃப்ட் அதன் விவரக்குறிப்பை வெளியிட்டது. மறு ஆண்டே சாம்சங்கின் நிரல் 5.7 கர்னலில் இடம்பிடித்தது. எது எங்கே இருப்பது என்பதை எப்போதும் பொறியாளர்களே தீர்மானிப்பதில்லை.

வெளியே ஓடினால் வேகம் குறையும் என்பது உண்மை. ஒவ்வொரு கோரிக்கையும் செயலியிலிருந்து கர்னலுக்கு, அங்கிருந்து ஃபியூஸ் நிரலுக்கு, பிறகு அதே வழியில் திரும்ப வேண்டும். ஒரே பெரிய வீடியோவை நகலெடுக்கையில் இது அவ்வளவாகத் தெரியாது. ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் பல்லிளித்துவிடும். ஆனால் ஃபியூஸ் நிரல் செத்தால் 'டிரான்ஸ்போர்ட் எண்ட்பாயிண்ட் இஸ் நாட் கனெக்டட்' என்று ஒரு வரி வரும். மறுபடி மவுண்ட் செய்தால் போதும். கர்னலுக்குள் அதே பிழை நேர்ந்தால் கணினியே உறைந்துபோகலாம்.

வெளியே ஓடுபவை விளையாட்டுப் பொருள்களுக்கே லாயக்கு என்ற பொருளில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் சாடினார். அதே ஆண்டு அக்டோபரில், தமிழரான ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து தொடங்கிய கிளஸ்டர் நிறுவனத்தை ரெட் ஹேட் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. கிளஸ்டர் முழுக்க வெளியே ஓடும் கோப்பு முறைமை. பல சர்வர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் இடத்தில் தாமதத்தின் பெரும்பங்கு கம்பியில்தான். கர்னல் எல்லையைத் தாண்டும் செலவு அதற்கு முன் சிறிது. சின்னக் கோப்புகளில் கிளஸ்டரும் திணறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நம் கைப்பேசியே நல்ல சாட்சி. ஆண்ட்ராய்டு முதலில் ஃபியூஸை வைத்திருந்தது. 8-ஆம் பதிப்பில் வேகத்துக்காக எஸ்டிகார்டுஎஃப்எஸ் என்று கர்னலுக்குள் போனது. 11-இல் ஃபியூஸுக்கே திரும்பியது. எந்தச் செயலி எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்ற விதி பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. அதற்காகக் கர்னலைத் தொட்டுக்கொண்டிருப்பது, அதுவும் மூல லினக்ஸில் சேராத நிரலைத் தூக்கிச் சுமப்பது, வீண் வேலை. எக்ஸ்ஃபேட் போல உறைந்துவிட்ட வடிவம் உள்ளே போகட்டும். மாறும் விதி வெளியே இருக்கட்டும் என்பதே என் கட்சி.

பின்னர் ஆண்ட்ராய்டு ஒரு நடுவழியும் கண்டது: திறக்கும்போது அனுமதியை வெளி நிரல் பார்க்கும், படிப்பதும் எழுதுவதும் நேரடியாகக் கர்னலிலேயே நடக்கும். இதே வசதி 2024-இல் மூல லினக்ஸின் 6.9 பதிப்பிலும் சேர்ந்தது. ஆனால் ஃபோல்டரைப் பட்டியலிடவும் ஒவ்வொரு கோப்பையும் திறக்கவும் இன்னும் வெளியே போய்த்தான் வர வேண்டும்.