நாட்டுடைமை நூலும் அதிலுள்ள ஓவியமும்

விக்கிமீடியா காமன்சில் ஒரு கோப்பை வைக்கலாமா நீக்கலாமா என்ற பேச்சில் தமிழ் நூல் வந்தால், "நாட்டுடைமை ஆயிடுச்சே, அப்புறம் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். இது பாதி பதில்தான் என்பது என் கருத்து.

தமிழக அரசு பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமை ஆக்குவது எழுத்தாளரின் எழுத்தை. நூலில் உள்ள ஓவியம் இன்னொருவரின் படைப்பு. பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். 1954இல் மறைந்த கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை. தொடராக வந்தபோது படம் வரைந்த மணியம் மறைந்தது 1968இல். இந்தியச் சட்டத்தில் ஓவியத்துக்கு, வரைந்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை. ஆக, 2028 முடியணும்.

காமன்ஸ் அமெரிக்கச் சட்டத்தையும் பார்க்கும். 1996 தொடக்கத்தில் இந்தியாவில் உரிமை இருந்ததால், இந்தப் படங்களுக்கு அங்கே வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். 1950இல் வந்த முதல் படங்களுக்கே 2045 முடியும்வரை காத்திருக்கணும். "ஸ்கேன் பண்ணது நான்தானே, சொந்தப் படைப்புன்னு போடலாமே" என்பதும் எடுபடாது. நகலெடுத்தவருக்கு ஓவியத்தின் உரிமை வந்துவிடாது.

நீக்கச் சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நாலு படத்துக்காக முழு நூலையும் தூக்கினால், விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் எதோடு ஒப்பிடுவார்? படங்களை மட்டும் மறைத்துவிட்டு எழுத்துப் பக்கங்களை வைத்துக்கொள்ளலாம். அட்டை, உள்ளோவியம், எழுத்து என்று தனித்தனியே யாருடையது எனக் கேட்டு முடிவெடுப்பதே முறை. மொத்த நூலுக்கும் ஒரே வார்ப்புருவை ஒட்டுவதும் மொத்தமாக அழிப்பதும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள்.