குடியேற்றப் பாதுகாப்பு என்னும் கருத்து: அமெரிக்க எல்லைப்புற வரலாற்றெழுத்துப் பற்றிய ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்கக் குடியரசின் தொடக்ககாலப் படை நடவடிக்கைகளைப் பற்றி எழுதியோருட் பெரும்பாலார் அவற்றை ஒரே சொல்லாற் சுட்டினர். ‘பாதுகாப்பு’ என்பதே அச்சொல். ஓகையோ ஆற்றங்கரையில் எழுந்த கோட்டைகள் குடியேற்றங்களைக் காத்தன. படைகள் குடியேறியோரின் உயிரையும் உடைமையையும் காக்கச் சென்றன. இவ்வாறே வரலாறு எழுதப்பட்டுள்ளது. இச்சொல் யாருடைய நிலையினின்று பிறந்தது, எதனை மறைத்து நிற்கின்றது என்பன ஆராயப்பட வேண்டியவை.

இக்கருத்தினை நிலைநிறுத்தியோருள் இருவர் முதன்மையானவர்கள். தியடோர் ரூஸ்வெல்ற் 1889 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்ட ‘மேற்கினை வென்றமை’ என்னும் நூலில் தமது சார்பினை மறைக்கவில்லை. நாகரிகமற்றோர் என அவர் கருதியோர்க்கெதிரான போரே முடிவில் நீதியான போர் என்பது அவர் நிலைப்பாடு. தமிழ்ப் பொருளிலக்கணத்தார் மண்ணாசையால் மேற்செல்லுதலை வஞ்சி என்றும், மதில் காத்தலை நொச்சி என்றும் பிரித்துப் பெயரிட்டனர். இவ்வேறுபாட்டை அறிந்தார்க்கு ரூஸ்வெல்ற் வஞ்சியை நொச்சியாகப் பாடுகின்றார் என்பது எளிதிற் புலனாகும்.

1893 ஜூலையிற் சிக்காகோவிற் படித்த கட்டுரையில் எல்லைப்புறமே அமெரிக்க ஜனநாயகத்தின் விளைநிலம் என வாதிட்ட பிரெடரிக் ஜக்சன் ரேணரின் நிலை இத்துணை எளிதன்று. பொருளியற் காரணிகளுக்கு அவர் அளித்த இடம் முற்போக்கு எண்ணங்கொண்டோர் பலரையும் அவர்பாற் கவர்ந்தது. எல்லைப்புறக் கோட்டை குடியேறியோரைக் காத்ததோடு பூர்வகுடிகளின் நாட்டைப் பிளந்து திறக்கும் ஆப்பாகவும் பயன்பட்டது என்பதை ரேணரே ஒப்புக்கொள்கின்றார். ஆனால் இவ்வுண்மையை ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டு அவர் அப்பாற் செல்கின்றார். அவரது கோட்பாடு முழுவதும் ‘இலவச நிலம்’ என்னும் எண்ணத்தின்மீது எழுப்பப்பட்டது. ஆப்பு அறையப்பட்ட நிலம் எவ்வாறு இலவச நிலமாயிற்று என்னும் வினா அங்கு எழுவதேயில்லை.

நிகழ்ச்சிகளை நோக்குவோம். 1783ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி பேரேரிகளுக்குத் தெற்கே மிசிசிப்பி வரையுள்ள நிலத்தின்மீதான உரிமையைப் பிரித்தானியா குடியரசுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கு வாழ்ந்த ஷோனி, மயாமி, டெலவெயர், வயண்டொற் முதலிய மக்கள் அவ்வுடன்படிக்கையிற் பங்குகொள்ளவில்லை. 1784 ஜூனிற் கொங்கிரஸ் தன் படையை 80 பேராகக் குறைத்தது. மறுநாளே நான்கு மாநிலங்களிடம் 700 பேரைக் கோரியது. இப்புதிய படையின் முதற் பணிகளுள் ஒன்று குடியேறியோரைக் காத்தலன்று, துரத்துதல் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1785இல் ஓகையோவின் வடகரையில் அனுமதியின்றிக் குடிசை அமைத்திருந்த ஏழை உழவரைப் படையினர் வெளியேற்றினர். அவ்வாண்டு மே மாதத்து நிலச்சட்டம் அந்நிலத்தை 640 ஏக்கர்த் துண்டுகளாக அளந்து, ஏக்கர் ஒரு டொலர் வீதம் விற்க ஏற்பாடு செய்தது. போர்க்கடனில் மூழ்கியிருந்த அரசுக்கு நிலமே வருவாய். விலை கொடாது குடியேறியவன் ஆக்கிரமிப்பாளன். நிலக் கம்பனியின் வழியாகக் குடியேறியவனோ பாதுகாப்புக்குரிய குடிமகன்.

1787இல் ஓகையோ கம்பனி 15 இலட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் செய்து, மதிப்பிழந்த அரசுக் கடன்பத்திரங்களால் விலை செலுத்த முற்பட்டது. அதனோடிணைந்த சியோட்டோ கம்பனியின் சூத்திரதாரியான வில்லியம் டூயர் அப்போது திறைசேரிச் சபையின் செயலாளர். தனக்கு உரித்தாகாத நிலத்தை அக்கம்பனி பிரெஞ்சு மக்களுக்கு விற்றது. 1791இல் ஆர்தர் சென்ற் கிளயர் தலைமையில் வடமேற்கே சென்ற படைக்கு உணவு வழங்கும் ஒப்பந்தமும் இதே டூயரின் கையிலேயே இருந்தது. குடியேற்றம், பாதுகாப்பு என்னும் இரண்டையும் வேறுவேறாக வைத்து எழுதுவோர் இவ்வொரு மனிதனின் வரவு செலவை ஊன்றி நோக்கினாற் போதும். நவம்பர் 4ஆம் நாள் வபாஷ் ஆற்றருகே லிற்றில் ரேட்டில், புளூ ஜக்கற் ஆகியோர் தலைமையிலான கூட்டணி அப்படையைச் சிதறடித்தது. 600க்கு மேற்பட்ட படைவீரர் மாண்டனர். மறு ஆண்டு விசாரித்த பிரதிநிதிகள் சபைக் குழு வழங்கற் குறைபாடுகளையும் காரணமாகக் கண்டது. டூயர் 1792 மார்ச்சிற் கடனுக்காகச் சிறை சென்றார்.

இவ்வாறு கூறுவதால் எல்லைப்புறத்தாரின் அச்சம் பொய்யென்பது கருத்தன்று. 1791 ஜனவரியில் பிக் பொட்டம் குடியேற்றத்தில் ஒரு பெண்ணும் குழந்தைகளும் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 1782இல் நடென்ஹற்றனிற் பென்சில்வேனியக் குடிப்படையினர் 96 கிறிஸ்தவ டெலவெயர் மக்களை ஆயுதமற்ற நிலையிற் கொன்றிருந்தனர். குடியேறியோரை வெறும் கருவிகளாகக் காணும் எளிய விளக்கமும், அவர்களை மக்கள் திரளாகப் போற்றும் ரேணரின் விளக்கமும் ஒருங்கே குறைபாடுடையன.

இவ்விரு குறைபாடுகளையும் கடந்த ஓர் ஆய்வு அக்காலத்திலேயே இருந்தது. 1793இற் கூட்டணியினர் நிலத்தை விட்டுத்தரவேண்டுமென, பெருந்தொகைப் பணத்தோடு அமெரிக்க ஆணையாளர் மூவர் பேச வந்தனர். ஆகஸ்ட் மாதத்திற் கூட்டணி அனுப்பிய மறுமொழியின் சாரம் இது: பணம் எமக்குப் பயன்படாது. ஓகையோவைக் கடந்து வந்தவர்கள் ஏழைகள். அல்லாவிடின் ஓயாத ஆபத்தில் வாழ வந்திருக்கமாட்டார்கள். எமக்குத் தரும் பணத்தையும், போருக்குச் செலவிடப்போகும் பணத்தையும் அவர்களுக்குப் பகிர்ந்தளியுங்கள். அவர்கள் மகிழ்ந்து செல்வர். இதன் பின்னாற் பிரித்தானிய முகவர்களின் தூண்டுதல் இருந்ததெனக் கூறுவோர் உளர். இருக்கலாம், வாதத்தின் வலிமை அதனாற் குன்றவில்லை. தம் நிலத்தைக் கவர வந்தவனின் வறுமையைக் கண்டு, அவ்வறுமைக்கு அவனுடைய அரசையே பொறுப்பாக்கும் இவ்வரசியற் கூர்மையை ரூஸ்வெல்ற்றிடமோ ரேணரிடமோ நாம் காணவில்லை.

பேச்சு முறிந்தது. 1794 ஆகஸ்ட் 20ஆம் நாள் அன்ரனி வேயினின் படை ஃபாலன் ரிம்பர்ஸ் என்னுமிடத்தில் வென்றது. பின்வாங்கியோருக்கு அருகிலிருந்த பிரித்தானியக் கோட்டை கதவடைத்தது. மௌமி ஆற்றங்கரையின் பரந்த சோளவயல்களைக் கண்டு வேயினே வியந்து எழுதினார். அவற்றை அவரது படை எரித்தது. வேட்டையாடித் திரிவோர், பயிர்செய்யாதோர் என்று வருணிக்கப்பட்ட மக்களின் வயல்கள் அவை.

அதே ஆண்டின் இலையுதிர்காலத்தில், வடிசாராய வரியை எதிர்த்த மேற்குப் பென்சில்வேனிய உழவரை அடக்க ஏறத்தாழ 13,000 குடிப்படையினர் அனுப்பப்பட்டனர். காக்கப்பட வேண்டியோராயிருந்த எல்லைப்புறத்தாரே இப்போது இலக்காயினர். ஃபெனிமோர் கூப்பர் 1823இல் எழுதிய ‘முன்னோடிகள்’ என்னும் நாவலின் கதை 1793இல் நிகழ்கின்றது. அதில் ஊர்ப்படை மேற்கொள்ளும் படையெடுப்பு, மான்வேட்டைச் சட்டத்தை மீறிச் சிறையினின்று தப்பிய முதிய வேடன் நற்றி பம்போவுக்கெதிரானது. கூப்பரின் தந்தை குடியேற்ற நகரொன்றை நிறுவிய நிலவுடைமையாளர். நாவலாசிரியரின் பரிவும் இறுதியில் உடைமையின் பக்கமே சாய்கின்றது. எனினும் குடியேற்றத்தின் ஆயுதம் யார்மீது திரும்பியது என்பதை, நகைச்சுவையாகவேனும், அவர் காட்டிவிடுகின்றார்.

1795 ஆகஸ்டிற் கிறீன்வில் உடன்படிக்கையின்படி இன்றைய ஓகையோ மாநிலத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைமாறியது. ஈடாக 20,000 டொலர் பெறுமதியான பொருள்களும், ஆண்டுதோறும் 9,500 டொலர் பெறுமதியானவையும் வழங்க இணங்கப்பட்டது. 1796 மேயில் நிறைவேறிய நிலச்சட்டம் ஏக்கரின் விலையை இரண்டு டொலராக உயர்த்தி, மிகக் குறைந்த கொள்வனவு 640 ஏக்கர் என விதித்தது. அதாவது, காக்கப்பட்ட நிலத்திற் கால்வைக்க ஓர் ஏழைக் குடும்பத்துக்கு 1,280 டொலர் வேண்டியிருந்தது. 1800இல் அவ்வளவு 320 ஏக்கராகக் குறைக்கப்பட்டது. ஏக்கரின் விலை குறைக்கப்படவில்லை.