'புஸ்' என்றொரு சத்தம்

1990-க்குப் பிறகு மின்கம்பிகள் வெறுமனே தொங்கிய யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடைக் கைப்பம்ப்தான் எங்களுக்குக் கொம்பிரசர். இன்று வீட்டுப் பட்டறைக்கு ஒன்று வாங்குபவர்கள் முதலில் கேட்பது, தாங்கி எத்தனை லீற்றர் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. ரயருக்குக் காற்றடிக்க அழுத்தம் இருந்தால் போதும்; இரும்புக் கேற்றுக்குப் பெயின்ற் விசிறவோ, நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்பதே கணக்கு. பெரிய தாங்கி மோட்டருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கும், அவ்வளவுதான். எண்ணெயில்லாத சின்ன வகை பெரும்பாலும் ஊரையே எழுப்பும். ஆனால், கடலோர ஈரம் இருக்கிறதே! அமுக்கிய காற்று ஆறும்போது அது தண்ணீராகித் தாங்கியின் அடியில் தேங்கும். வேலை முடிந்து கீழ்த்திருகைத் திறந்தால் துருநிறத்தில் சீறிக்கொண்டு வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.