சிவப்பில் கை வைக்காதீர்கள்

வன்னிக் காட்டில் பாலைப்பழமும் வீரைப்பழமும் பொறுக்கித் தின்ற பரம்பரை நாம். 1980களிலிருந்து நோர்வேயின் பின்மார்க் கரையோர மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து, துருவத்துக்குப் பக்கத்திலேயே குடும்பமாகத் தங்கியும்விட்டோம். அப்படியிருந்தும் ஓகஸ்ட் பிறந்து அயலவரெல்லாம் வாளியைத் தூக்கிக்கொண்டு சதுப்பு நிலத்துக்குக் கிளம்பும்போது நம்மவரில் பலர் வீட்டைவிட்டு நகர்வதில்லை. கேட்டால் மூன்று காரணம் வரும்: கிளவுட்பெர்ரி புளிக்கும், வாயெல்லாம் விதை, போன இடத்தில் சேறும் நுளம்பும். மூன்றாவது காரணத்தை ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டும் பழுக்காத காயைத் தின்றவர்கள் பழத்தின் மேல் போட்ட பழி. இந்தப் பழத்தை ரசிப்பதற்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்: அது எப்போது பழுக்கிறது என்பது. அது தெரியாமல் பறித்தாலும் சமைத்தாலும் குறை சொன்னாலும் எல்லாம் வீண்.

அடிப்படை விவரங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராஸ்ப்பெர்ரியின் இனம், ஆனால் முள் இல்லை. கணுக்கால் உயரம்தான் வளரும். நோர்வேயில் முல்த்தே, சுவீடனில் யூர்ட்ரோன், பின்லாந்தில் லக்கா. ரஷ்யாவிலும் அலாஸ்காவிலும் கனடாவிலும்கூட உண்டு. பாசி மூடிய ஈரச் சதுப்பில், மண்ணுக்கடியில் நீளமாக ஓடும் தண்டிலிருந்து கிளம்பும். ஒரு தண்டுக்கு ஒரு வெள்ளைப்பூ, ஒரு பூவுக்கு ஒரு பழம், அவ்வளவுதான். அதனால் புளூபெர்ரியைச் சீப்பு வைத்து வாரி எடுப்பதுபோல இதை எடுக்க முடியாது, ஒவ்வொன்றாகக் குனிந்துதான் பறிக்க வேண்டும். பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள், இன்றும் பெரும்பாலும் காட்டிலிருந்துதான் வருகிறது. கடையில் விலை கண்ணைக் கட்டுவதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பின்லாந்தின் 2 யூரோ நாணயத்தில் இந்தப் பூவும் பழமும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சட்டைப்பையில் அதைப் போட்டுக்கொண்டு, இதெல்லாம் என்ன பழம் என்று கேட்பவர்களை என்ன சொல்வது?

இனி முக்கியமான விஷயம். நமக்குத் தெரிந்த பழங்களில் பெரும்பாலானவை பச்சையில் தொடங்கிச் சிவப்பிலோ மஞ்சளிலோ முடியும். சிவப்பைக் கண்டால் கை தானாகப் போகும். கிளவுட்பெர்ரி இந்தப் பழக்கத்தைத் தலைகீழாக்குகிறது. அது முதலில் சிவக்கிறது. அப்போது அது காய். பிறகு சிவப்பு வடிந்து, செம்மஞ்சளாகி, கடைசியில் வெளிச்சம் ஊடுருவும் தேன் நிறத்துக்கு வருகிறது, அதுதான் பழம். நிறத்தை மட்டும் நம்புவதும் ஆபத்து. வெயில் பட்ட பக்கம் ஒரு நிறம், நிழல் பக்கம் ஒரு நிறம். நம்பத்தக்கது பழத்துக்கு அடியில் இருக்கும் புல்லிகள். ஒரு செடியின் அருகே முழங்காலிட்டுப் பாருங்கள். இதழ் உதிர்ந்ததும் புல்லிகள் மேல்நோக்கி மூடிக்கொண்டு இளங்காயை இறுகப் பொத்தி வைத்திருக்கும். காய் பருக்கப் பருக்க அவை விரியும். விரிந்து, பின்புறமாக மடங்கி, பழத்தை முழுதாக வெளியே விட்டபிறகுதான் உங்கள் முறை. இரண்டு விரலால் பழத்தைத் தொட்டு மேலே தூக்குங்கள், இழுக்காதீர்கள். தானாகக் கழன்று வந்தால் பழம். புல்லிகளோடு சேர்ந்து பிய்ந்து வந்தால், நீங்கள் பறித்தது இன்னும் காய்தான், நிறம் என்ன சொன்னாலும் சரி.

இந்த வேறுபாட்டை நான் பெரிதுபடுத்துவதாகச் சிலருக்குத் தோன்றும். விதைக் குறையையே எடுத்துக்கொள்வோம். ஒரு பழத்தில் சுமார் 5 முதல் 25 வரை சிறு மணிகள் இருக்கும், ஒவ்வொன்றுக்குள்ளும் கெட்டியான ஒரு விதை. காயில் சதை விதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்ல மெல்ல விதைதான் மிஞ்சும். கனிந்ததில் சதை நெகிழ்ந்து நாக்கிலேயே பிரிந்துவிடுகிறது, விதை ஒரு பொருட்டாகவே தெரியாது. புளிப்பும் அப்படித்தான். காயில் அது தனியாக நின்று பல்லைக் கூசவைக்கும். பழத்தில் தேனும் சுட்ட ஆப்பிளும் கலந்ததுபோன்ற ஒரு மணம் மேலே எழுந்து, புளிப்பு அடியில் தங்கிவிடும். ஆக, குறை சொல்லும் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ‘சிவப்பாகப் பறித்து வீட்டில் வைத்தால் பழுக்காதா’ என்று கேட்பார்கள். நிறம் மாறும், கொஞ்சம் இளகவும் செய்யும். செடியில் நிற்கும் கடைசி நாட்களில் ஏறும் மணம் மட்டும் ஏறாது. ‘நாங்கள் காத்திருந்தால் வேறு யாரோ பறித்துவிடுவார்களே’ என்பது அடுத்த வாதம். பறிக்கட்டும். காயைப் பறித்தவனுக்குக் கிடைத்தது காய்தான், அதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது? நியாயமான எதிர்ப்பு ஒன்று உண்டு: காத்திருப்பதிலும் அளவு வேண்டும். நன்றாகக் கனிந்த பழம் ஒரு பெருமழைக்குத் தாங்காது, கரைந்து பாசியில் விழுந்துவிடும். அந்த இடைவெளி சில நாட்கள்தான். அதற்காகத்தான் ஒரே இடத்துக்கு மறுபடியும் போக வேண்டும் என்கிறேன்.

நவநாகரிக உணவகங்களும் இந்தக் குழப்பத்தை வளர்த்துவிட்டன. 2004இல் புதிய நோர்டிக் சமையல் என்று ஓர் அறிக்கை வந்தது. சொந்த மண்ணின் விளைச்சலை அதன் பருவத்தில் மதிக்கச் சொன்ன நல்ல அறிக்கை. அதன் பெயரைச் சொல்லிப் பின்னால் வந்தவர்கள் செய்வது, தட்டின் ஓரத்தில் மூன்று கெட்டிப் பழங்களைப் படத்துக்கு நிறுத்தி வைப்பது. கனிந்த பழம் அப்படி விறைப்பாக நிற்காது. குழையாமல் நிற்கிறதென்றாலே அது பருவம் எட்டாதது. விட்டமின் தூள், முகத்துக்கு விதை எண்ணெய் என்று விற்பவர்கள் இன்னொரு கூட்டம். விட்டமின் சி இதில் ஆரஞ்சைவிட அதிகமாகவே இருக்கக்கூடும்; அந்தக் காலக் கடலோடிகள் பல்லீறு நோய்க்குப் பயந்து பீப்பாயில் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. மரக்கறி கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு இந்தப் பழத்தை மாத்திரையாக நினைப்பது அற்பம்.

சமையலில் நான் சொல்வது ஒன்றுதான்: அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். பழத்தோடு சீனி சேர்த்து, சீனி கரையும்வரை மெதுவாகக் கிளறிக் குளிரில் வையுங்கள். இதில் இயல்பாகவே பென்சோயிக் அமிலம் இருப்பதால் பிற பெர்ரிகளைப்போலச் சீக்கிரம் கெடாது; முன்பு சீனிகூட இல்லாமல் சொந்தச் சாற்றிலேயே குளிர்காலம் முழுவதும் வைத்திருந்தார்கள். கொதிக்கவைத்த ஜாமில் நிறமும் இனிப்பும் மிஞ்சும், மணம் ஆவியாகப் போய்விடும். கடை ஜாமை நக்கிப் பார்த்துவிட்டு ‘ஆர்க்டிக் தங்கம்’ இவ்வளவுதானா என்று எழுதும் விமர்சகர்கள் பழத்தைப் பற்றி எதையுமே எழுதவில்லை. நோர்வே வீடுகளில் நத்தாருக்கு, அடித்த கிரீமில் இதைக் கலந்து முல்த்தெக்ரேம் செய்வார்கள். கிரீமின் கொழுப்பு புளிப்பைத் தணிக்கிறது, மணத்தைத் தொடுவதில்லை. பின்லாந்தின் வடக்கே லெய்பாயூஸ்தோ என்றொரு பாற்கட்டி உண்டு. பழைய முறையில் அதைச் சீம்பாலில் செய்து, நெருப்பில் காட்டித் தவிட்டுப் புள்ளி விழ வாட்டுவார்கள். அதைச் சூடாக்கி மேலே பழத்தை வையுங்கள். பல்லில் கீச்சிடும் பாற்கட்டியும் நெகிழ்ந்த பழமும் ஒரே வாயில்! சீம்பாலின் ருசி தெரிந்த நம் நாக்குக்கு இது அந்நியமே இல்லை.

‘அடுத்தவன் காணியில் பறித்தால் பிரச்சினை வராதா’ என்ற தயக்கமும் நம்மவர்களிடம் உண்டு. பயிரிடாத நிலத்தில் நடக்கவும் காட்டுப்பழம் பறிக்கவும் நோர்வேயில் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது, 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. நூர்லான்ட், துரொம்ஸ், பின்மார்க் என்ற வடபகுதிகளில் மட்டும் காணிக்காரர் இந்தப் பழத்துக்குத் தடை போடலாம். அங்கேகூட நின்ற இடத்தில் தின்பதைத் தடுக்க முடியாது. பெரிய தடை சட்டமல்ல, இடம் தெரியாததுதான். தன் சதுப்பு எங்கே என்பதை எவரும் வாய்திறந்து சொல்லமாட்டார்.

ஆகவே உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஓகஸ்டில் தேடாதீர்கள், ஜூனில் போங்கள். கிளவுட்பெர்ரியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நிலத்தடித் தண்டு பரவிப் பரவி, ஒரு பெரிய திட்டு முழுவதுமே ஒரே செடியாக இருக்கலாம். கண்கொள்ளாமல் பூத்துக் கிடந்த இடத்தில் பிறகு ஒரு பழம்கூட இல்லாமல் போவது இதனால்தான். அது முழுக்க ஆண். பூவுக்குள் எட்டிப் பாருங்கள். மகரந்தத் தாள்கள் நிறைந்து மஞ்சளாக இருந்தால் கடந்து போங்கள். நடுவில் இளம்பச்சைச் சூல்முடிகள் கொத்தாக நின்று, சுற்றியுள்ள தாள்கள் குட்டையாக வற்றியிருந்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஆண் திட்டும் இருந்தால் இன்னும் நல்லது, ஈயும் வண்டும் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பூக்கும் நாட்களில் இரவு உறைபனி விழுந்தால் திறந்த சதுப்பில் பூக்கள் கருகிவிடும். அந்த வருடம் நடுச்சதுப்பை விட்டுவிட்டு, பேர்ச் மரங்களும் பைன் மரங்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் ஓரத்துக்குப் போங்கள். மரத்தடியில் பனி அவ்வளவு கடுமையாக விழாது. பழமும் அங்கே பிந்திப் பழுக்கும், மற்றவர்கள் வாளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகு.