கத்தி அவளுக்கு, முடிவு யாருக்கு?

கருத்தடைக்கு வாதாடியோர் பலர். தாயின் உடல்நலம் என்றனர், நாட்டின் பொருளாதாரம் என்றனர். 1930இல் 'குடிஅரசு' ஏட்டில் பெரியார் தீட்டிய 'கர்ப்பத்தடை'யோ, பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக நிறுத்திற்று. அக்கட்டுரையின் உயிர்நாடி அதுவே என்போம்!

1952இல் இந்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் வகுத்தது. பிறப்பு குறைந்தது, சுமை பெண்ணின்மீதே நின்றது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டின் மணமான பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குமேல் கருத்தடை அறுவை செய்துகொண்டோர். ஆண்களின் அறுவையோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை!

வசந்தவல்லியின் வேட்கையைக் 'குற்றாலக் குறவஞ்சி'யில் சுவைக்கிறோம். அதே தென்காசிச் சீமையின் வகுப்பறையில் இனப்பெருக்கப் பாடம் வந்தால், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று ஏடு புரட்டுவோர் எத்தனை பேர்! பாட்டில் இனிப்பது பாடத்தில் கசப்பதேன்? அறியவிடாத பெண் எங்ஙனம் தேர்வாள், எங்ஙனம் மறுப்பாள்?

தோழர்களே, பெரியாரின் அக்கட்டுரைக்கு உரை எழுத வேண்டிய இடம் வகுப்பறையே!